ஆண்டுக்கு ஒரு சீசன் போதும்: நட்சத்திர நடனப் போட்டி நடத்தும் தொலைக்காட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நட்சத்திரங்கள் ஜோடி சேர்ந்து ஆடும் போட்டிகளில் ஏழு சீசன்கள் அசிஸ்டென்ட் மாஸ்டராக வேலை பார்த்தவள் நான். மாஸ்டர் ஸ்டெப் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த ஜோடியைப் பார்க்கப் போய்விடுவார். அந்த மூன்றரை நிமிடப் பாட்டை நட்சத்திரத்தின் உடம்பில் ஏற்றிவிடுவது எங்கள் பொறுப்பு. இப்போது விருகம்பாக்கத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். யார் மேலும் கோபத்தில் இதை எழுதவில்லை. எனக்குச் சோறு போட்ட மேடை அது. அது நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். நட்சத்திரங்கள் ஆடும் போட்டியை ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடத்துங்கள். வாரம் ஒரு நாள், பதின்மூன்று வாரம். அதற்கு முன்னால் நாலு வாரம் முழுப் பயிற்சி. ஒரு சீசனின் பட்டம் கொடுத்த கையோடு அடுத்த சீசனுக்கு அறிவிப்பு போடுவதை விட்டுவிடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஒரு நடிகையின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் பெயரும் வேண்டாம், நிகழ்ச்சியின் பெயரும் வேண்டாம். ஒரு சீரியலின் நாயகி. முதல் சீசனுக்கு அவர் வந்தபோது வலது கால், இடது கால் குழப்பம் தீரவே இல்லை. நான் "லெஃப்ட்" என்று கத்தும்போது ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் காலை எடுப்பார். அந்த ஒரு நொடியில் பீட் போய்விடும். இரண்டாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கோயிலில் வாங்கிய சிவப்புக் கயிற்றை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்தார். கயிறு இருக்கும் பக்கம் லெஃப்ட். முதல் வாரம் கண்ணாடியைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்தே ஆடினார். அந்தத் தடவை நிகழ்ச்சி தொடங்கும் முன் எங்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கிடைத்திருந்தது. மூன்றாவது வாரம் கயிற்றைப் பார்ப்பது குறைந்தது. ஒளிபரப்பு தொடங்கிச் சில வாரம் கழித்து, ஒரு நாள் ரிகர்சல் முடிந்து தரையைப் பெருக்கும்போது அந்தக் கயிறு அறுந்து மூலையில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அதை எடுத்து நான் என் டப்பாவில் போட்டு வைத்தேன். இன்றும் இருக்கிறது.

பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வாரா வாரம் அவர் தேறி வந்ததை வீட்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கடைகளில் அவரை நிறுத்தி, "முதல் வாரம் எப்படி இருந்தீங்க, இப்ப எப்படி ஆடறீங்க" என்று கேட்டார்கள். இந்தப் போட்டியின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நன்றாக ஆடத் தெரிந்தவரைப் பார்ப்பதற்கு வேறு நூறு மேடை உண்டு. ஆடத் தெரியாத ஒருவர், நமக்குப் பழகிய முகம், நம் கண் முன்னால் ஆடக் கற்றுக்கொள்வதைப் பார்க்க இந்த ஒரு மேடைதான்.

அடுத்த சீசன் நாற்பதே நாளில் வந்துவிட்டது. முந்தைய சீசனுக்கு நல்ல டிஆர்பி, அதாவது பார்ப்பவர்களின் அளவு, வந்ததால் உடனே நடத்திவிடலாம் என்று முடிவு. அதே நடிகையை மறுபடியும் கூப்பிட்டார்கள். ஒரு ராத்திரி, மணி பத்தே முக்கால். வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை ரிகர்சலுக்கு எடுத்திருந்தோம். காலை ஏழு மணிக்கு மேக்கப்புக்கு உட்கார்ந்தவர், ஒன்பதரைக்குப் பேக்கப் ஆகி நேராக அங்கே வந்தார். முகத்தை அவசரமாகத் துடைத்திருந்தார். காதோரம் பவுண்டேஷன் அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றினார். இடது கணுக்காலில் கிரேப் பேண்டேஜ். "என்னம்மா இது" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, லேசா வீக்கம். பாதிவரைக்கும் இன்னைக்குக் கத்துக்கறேன். மீதியை ஷூட்டிங் ஃப்ளோர்ல பார்த்துக்கலாமா?" என்றார்.

மறுநாள் காலை அவருக்கு மறுபடியும் சீரியல். நாலாம் நாள் எங்கள் ஷூட்டிங். என்ன செய்ய முடியும்? மாஸ்டர் வந்து பார்த்தார். பாட்டின் நடுவில் எட்டு குரூப் டான்ஸர்களை முன்னால் கொண்டு வந்தார். பல்லவிக்குப் புகை. சரணத்துக்கு ஊஞ்சல். கடைசியில் ஒரு லிஃப்ட். ஜோடிப் பையன் தூக்கிச் சுற்றிவிட்டால் இவர் கால் தரையில் படவே வேண்டாம். மூன்றரை நிமிடப் பாட்டில் அவர் தன் காலால் ஆடியது ஒரு நிமிடம்கூட இருக்காது. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் நின்று கவுண்ட் சொல்லிக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. அவருக்கும் தெரியும். இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றார்.

நேரம் இல்லாதபோது எங்கள் வேலையே மாறிவிடுகிறது. கற்றுக்கொடுக்க வேண்டிய நாங்கள் மறைத்துக்கொடுக்கப் பழகிவிடுகிறோம். புகை, எல்இடி திரை, கயிறு கட்டித் தொங்குவது, தண்ணீர், நெருப்பு எல்லாம் ஒரு காலத்தில் அழகுக்காக வந்தவை. இப்போது பாதி வாரம் அவை கற்றுக்கொள்ளாத ஸ்டெப்புக்குத் திரை. இதில் மாஸ்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து நாளில் எட்டு ஜோடிக்குப் பாட்டு முடிக்க வேண்டுமானால் வேறு வழி கிடையாது.

சிறார் கலைஞர்களை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வு இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. பன்னிரண்டு மணி நேரம் சீரியல் செட்டில் நின்றுவிட்டு, ராத்திரி ஒரு மணி வரை லிஃப்ட் பழகும் பெரியவர்களின் முதுகெலும்பும் எலும்புதானே.

சரி, இது உள்ளே இருப்பவர்களின் கஷ்டம், பார்ப்பவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். அதற்கும் வருகிறேன்.

2006இல் விஜய் தொலைக்காட்சியில் ஜோடி நம்பர் ஒன் வந்ததும், 2007இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கி அதில் கலா மாஸ்டரின் மானாட மயிலாட வந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'கெமிஸ்ட்ரி' என்ற சொல் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தை விட்டு எழுந்து டீக்கடை வரை போனது அப்போதுதான். நான் அப்போது கும்பகோணத்தில் அம்மாவோடு இருந்தேன். ஆட்டம் வரும் நாளில் அம்மா சாயங்காலமே மாவாட்டி, பாத்திரம் கழுவி, அடுப்படியை மூடிவிடுவார். எதிர்வீட்டு அத்தையும் மாடிவீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். யார் போவார்கள், யார் இருப்பார்கள் என்று அடுத்த வாரம் வரை பேச்சு ஓடும். தண்ணீர்க் குழாயடியில்கூட அதே பேச்சு. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான்.

அதே அம்மாவிடம் சில வருஷம் முன்பு, நான் வேலை செய்த ஒரு பாட்டு ஓடும்போது, "அம்மா, இது நான் சொல்லிக்கொடுத்தது" என்று காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இது போன வாரத்து ஆட்டமா, போன வருஷத்து ஆட்டமாடி?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அதே மேடை, அதே நடுவர் நாற்காலி, அதே முகங்கள், அதே ஊஞ்சல். பார்ப்பவர் ஏங்குவதற்கு நடுவில் கொஞ்ச காலம் வேண்டும். தேர் ஆண்டுக்கு ஒரு தடவை நிலையை விட்டுக் கிளம்புவதால்தான் ஊரே வடம் பிடிக்க வருகிறது.

முகங்கள் என்று சொன்னேன். அது பெரிய விஷயம். நம் சின்னத்திரையில் ஆட ஒத்துக்கொள்ளக்கூடிய, மக்களுக்கு நன்றாகப் பழகிய நட்சத்திரங்கள் எத்தனை பேர்? ஒரு சீசனுக்குப் பத்து ஜோடி என்றால் இரண்டு சீசனுக்கு இருபது. பல தொலைக்காட்சிகள் ஒரே நேரத்தில் நடத்தினால் இன்னும் அதிகம். ஒரு வருஷம் இடைவெளி விட்டால் புதிய சீரியல்கள் வந்திருக்கும், புதியவர்கள் வீடுகளுக்குள் நுழைந்திருப்பார்கள். இன்று முன்னணி நாயகனாக இருக்கும் சிவகார்த்திகேயனும் ஒரு காலத்தில் ஜோடி நம்பர் ஒன் மேடையில் ஆடியவர்தான். அப்படி ஒருவர் வந்து நிற்க மேடையில் இடம் காலியாக இருக்க வேண்டும். அவசரமாக சீசன் தொடங்கும்போது அந்த இடத்தைப் பழைய போட்டியாளர்களை வைத்தோ, ஏற்கெனவே நடனம் படித்தவர்களை ஒயில்டு கார்டு என்று போட்டியின் நடுவில் கொண்டுவந்தோ நிரப்புகிறோம்.

இந்தியில் ஜலக் திக்லா ஜா என்று இதே வகைப் போட்டி 2006இல் சோனியில் தொடங்கியது. பிறகு கலர்ஸ் தொலைக்காட்சிக்குப் போனது. அதன் ஒன்பதாவது சீசன் 2017இல் முடிந்தபோது பட்டம் வென்றவர் டெரியா மகர். அற்புதமாக ஆடும் சிறுமி. ஏற்கெனவே சிறார் நடனப் போட்டி ஒன்றில் வென்றுவிட்டு வந்தவர். அவர் வென்றதில் தப்பே இல்லை. ஆனால் நட்சத்திரம் ஆடக் கற்கும் போட்டியில் ஒரு தேர்ந்த நடனக் கலைஞர் வந்து வெல்கிறார் என்றால், அந்தப் போட்டி தான் எதற்காகத் தொடங்கியது என்பதை மறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அந்த நிகழ்ச்சியே இல்லை. 2022இல்தான் திரும்பி வந்தது.

ஜலக் போன்ற போட்டிகளுக்கெல்லாம் தாய், பிரிட்டனின் பிபிசியில் வரும் ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங். 2004 மே மாதம் தொடங்கியது. முதல் வருஷம் அவர்களும் ஆசைப்பட்டு வசந்த காலத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று இரண்டு சீசன் நடத்தினார்கள். 2005இலிருந்து ஆண்டுக்கு ஒன்று என்று நிறுத்திக்கொண்டார்கள். செப்டம்பரில் தொடங்கி, நவம்பரில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரின் பழைய நடன மண்டபத்துக்குப் போய் ஒரு வாரம் ஆடி, கிறிஸ்துமஸுக்கு முன் முடிப்பார்கள். அங்கே சனிக்கிழமை ராத்திரி என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. நம் ஊரில் மார்கழி வந்தால் சபா, கச்சேரி, கேன்டீன் என்று மனசு தானாகப் போகிறதல்லவா, அது மாதிரி ஒரு பருவம். இருபது வருஷத்தைத் தாண்டியும் நிற்கிறது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே ஏபிசி தொலைக்காட்சி இதை டான்ஸிங் வித் தி ஸ்டார்ஸ் என்ற பெயரில் 2005 ஜூனில் ஆறு வார நிகழ்ச்சியாகத் தொடங்கியது. எதிர்பாராத வெற்றி. 2007இலிருந்து 2017 வரை பதினொரு வருஷம், ஒரு வருஷம் விடாமல் ஆண்டுக்கு இரண்டு சீசன். மொத்தம் 22. பல வருஷம் வாரத்தில் இரண்டு நாள் வேறு: திங்கள் ஆட்டம், செவ்வாய் முடிவு. நல்ல நாட்களில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்த நிகழ்ச்சி. 2017 வாக்கில் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. அந்தக் காலத்தில் தொலைக்காட்சி பார்ப்பதே குறைந்துகொண்டு வந்தது உண்மை. எல்லாப் பழியையும் இரண்டு சீசன் மேல் போட முடியாது. ஆனால் அவர்களே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2013இல் செவ்வாய்க்கிழமையை விட்டார்கள். 2018 வசந்தத்தில் விளையாட்டு வீரர்களை மட்டும் வைத்து நாலே வாரத்தில் முடித்தார்கள். 2019இலிருந்து ஆண்டுக்கு ஒன்று மட்டும்.

அப்புறம் 2025இல் நடந்ததைக் கேளுங்கள். பத்து வருஷத்துக்கு முன், 2015இல், அந்தப் போட்டியில் வென்றவர் பிந்தி இர்வின், ஆஸ்திரேலியாவின் முதலை மனிதர் ஸ்டீவ் இர்வினின் மகள். 2025 நவம்பரில் அதே மேடையில் அவருடைய தம்பி ராபர்ட் இர்வின் வென்றார். அந்தச் சீசனில் பார்ப்பவர்கள் குறையவில்லை. வாரங்கள் போகப் போகக் கூடினார்கள். அக்கா ஆடியதை ஞாபகம் வைத்திருந்து தம்பி ஆடுவதைப் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. நம் நிகழ்ச்சிகளில் மூன்று சீசனுக்கு முன் யார் வென்றார்கள் என்று, அதில் வேலை பார்த்த என்னைக் கேட்டால் நானே யோசித்துத்தான் சொல்வேன்.

அதே ஏபிசிக்கு அதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்திருந்தது. கோடீஸ்வரன் வகை வினாடி வினாவை 1999இல் கொண்டுவந்து, நாடே பார்க்கிறது என்று வாரத்தில் பல நாள் போட்டார்கள். 2002இல் இரவு நேர நிகழ்ச்சியாக அது முடிந்தே போனது. நல்ல பசுவைக் காலையிலும் மாலையிலும் கறக்கலாம். நடு ராத்திரியிலும் எழுப்பிக் கறந்தால் கன்றுக்கும் இல்லாமல் போகும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சனி ஞாயிறு நேரத்தைச் சும்மா விட முடியாது, விளம்பரதாரர் காத்திருக்க மாட்டார். அதைவிட எனக்கு வலிக்கிற கேள்வி வேறு. நான் இப்படி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு குரூப் டான்ஸர் தம்பி கேட்டான்: "அக்கா, நீங்க சொல்றது சரிதான். ஒரு சீசன் குறைஞ்சா என் வீட்டு வாடகையை யார் கொடுப்பா?" நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவன். சினிமாவில் பெரிய பாட்டு வந்தால் கொஞ்ச நாள் வேலை, இல்லையென்றால் கல்யாண மேடை. அவன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த மடலை அனுப்ப எனக்கு மனசில்லை.

அதனால்தான் மேடையை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நட்சத்திரப் போட்டி இல்லாத மாதங்களில் அதே மேடை, அதே லைட்மேன், அதே மாஸ்டர், அதே குரூப் டான்ஸர்களை வைத்து வேறு ஆட்டம் போடுங்கள். அந்தத் தம்பியும் அவனுடைய நண்பர்களும் சேர்ந்து ஒரு குழு. அவர்கள் எப்போதும் யாரோ ஒருவருக்குப் பின்னால்தான் ஆடுகிறார்கள். ஒரு சீசன் அவர்களை முன்னால் நிறுத்திப் பாருங்கள். குழு நடனப் போட்டி ஒன்று வையுங்கள். இன்னொரு சீசன் நம் மண்ணின் ஆட்டங்கள்: கோவில்பட்டிப் பக்கத்துத் தேவராட்டம், தஞ்சாவூர்க் கரகாட்டம், மதுரைப் பக்கத்து ஒயிலாட்டம், கன்னியாகுமரிக் களியலாட்டம், பறையாட்டம். சீரியல்காரர்களின் கால்ஷீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆடுகிறவர்கள் ஏற்கெனவே வருஷக்கணக்கில் பழகியவர்கள். பொங்கலின்போது சென்னை சங்கமத்தில் பூங்காக்களில் இந்த ஆட்டங்களைப் பார்க்க எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்று ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள். பறை அடிக்கத் தொடங்கியதும் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்களின் கால்கூடத் தானாகத் தாளம் போடும். அந்தக் கூட்டத்துக்காக உங்கள் கேமராக்கள் வந்ததே கிடையாது என்று சொல்லவில்லை. ஒரு முழு சீசன் நின்றதில்லை.

எப்போது நடத்தலாம் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தொலைக்காட்சியே போடமாட்டார்கள். மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஐபிஎல். அக்டோபரிலிருந்து நூறு நாள் வீட்டுக்குள் அடைத்து வைக்கும் நிகழ்ச்சி வந்துவிடுகிறது. நடுவில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் பயிற்சி தொடங்கட்டும். ஜூலையில் முதல் வாரம் ஒளிபரப்பாகட்டும். பதின்மூன்று வாரம் போனால் நவராத்திரி வரும். இறுதிப் போட்டியை விஜயதசமியன்று வையுங்கள்.

விஜயதசமி என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. அன்றைக்குத்தான் புதிய பிள்ளைகள் வகுப்பில் சேர வருவார்கள். வெற்றிலை பாக்கு, பழம், ஒரு ரூபாய் நாணயம் வைத்த தட்டோடு அம்மாக்கள் நிற்பார்கள். பூஜைக்கு வைத்த சலங்கையை எடுத்து முதல் அடி சொல்லிக்கொடுப்பேன். தெருவில் கடைபோட்டிருக்கும் அண்ணன்கூடத் தன் பெண்ணைக் கூட்டிவந்து, "டிவியில பார்த்துட்டு ஒரே அடம் பிடிக்கிறா மாஸ்டர்" என்பார். ஆடத் தெரியாமல் வந்த ஒருவர் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டு பட்டம் வாங்குவதை அன்று சாயங்காலம் அந்தப் பெண் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

உங்களில் எவருக்காவது இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றினால் நான் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன். டான்ஸர்ஸ் யூனியனிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவருகிறேன். பயிற்சி நாட்களுக்கு எவ்வளவு செலவாகும், ஹால் வாடகை எவ்வளவு, ஊஞ்சல், புகை மாதிரி மேடைச் சாமான்களைக் குறைத்துப் பாட்டு எடுத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட எங்களால் முடியும்.

அந்த நடிகை போன வாரம் போன் செய்தார். கணுக்கால் இப்போது பரவாயில்லையாம். புதிய சீசனுக்குக் கேட்டிருக்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாராம். "அக்கா, முதல் தடவை மாதிரி ஒரு மாசம் கிடைக்குமா? கிடைச்சா வர்றேன்" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவருக்கு என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
உங்கள் மேடையில் ஏழு சீசன் கவுண்ட் சொன்ன
ஓர் அசிஸ்டென்ட் மாஸ்டர்,
விருகம்பாக்கம், சென்னை.